காலேஜ் ஃபார்வர்ட் என்பிஏல நிப்பானா? டிராஃப்ட்டுக்கு முன்னாடி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச்ல அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால் டோர்னமென்ட் ஆரம்பிச்சதுலேந்து ஜூன் கடைசில என்பிஏ (அமெரிக்க தொழில்முறை லீக்) டிராஃப்ட், அதாவது டீமுங்க வரிசையா புது பசங்கள எடுக்கற நிகழ்ச்சி, முடியற வரைக்கும் நம்ம பசங்ககிட்டேந்து திரும்ப திரும்ப வர்ற கேள்வி ஒண்ணுதான், "இவன் காலேஜ்ல பின்னி எடுக்கறானே, என்பிஏல தேறுவானா?" அதுலயும் ஃபார்வர்ட், அதாவது கார்டுக்கும் சென்டருக்கும் நடுவுல ஆடறவங்க, பத்திதான் நெறைய வருது. தனித்தனியா பதில் சொல்றதுக்கு பதிலா எல்லாத்தையும் இங்க சேர்த்து எழுதிட்டேன். என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன்: பையன் எத்தன பாயிண்ட் போடறான்னு பார்க்கறத கடைசில வெச்சுக்கோங்க, பந்து அவன் கையில இல்லாதப்ப என்ன பண்றான்னு முதல்ல பாருங்க.

ஃபார்வர்ட மட்டும் ஏன் தனியா பேசணும்? கார்டு, சென்டர் எல்லாருக்கும் இதே கஷ்டம்தானே?

ஃபார்வர்டுக்கு கஷ்டம் கொஞ்சம் ஜாஸ்தி. பாயிண்ட் கார்டு காலேஜ்லயும் பந்த கொண்டு போய் ஆட்டத்த ஆரம்பிப்பான், என்பிஏலயும் அதேதான். ஏழடி சென்டர் ரெண்டு எடத்துலயும் ரிம்முக்கு (கூடை வளையம்) பக்கத்துலதான் நிக்கப்போறான். ஆனா 6 அடி 7, 6 அடி 8 இருக்கற பையன் காலேஜ் டீம்ல உயரமான ரெண்டு மூணு பேர்ல ஒருத்தனா இருப்பான், அதனால கோச் அவன பெயிண்ட்டுக்குள்ள (கூடைக்கு அடில இருக்கற பகுதி) அனுப்பிடுவாரு, அவனும் தன்னவிட சின்ன உடம்பு பசங்கள முதுகால தள்ளி தள்ளி ஈஸியா போட்டுட்டு இருப்பான். அவனே என்பிஏக்கு வந்தா எதிர்ல நிக்கறவனுக்கும் அதே உயரம், அவனவிட நீளமான கை, அவன் அளவுக்கே வேகம். உள்ள போக முடியாது, வெளிய வந்து ஷூட் பண்ணணும், வேகமான ஆளுங்கள கார்டு பண்ணணும், அதாவது மறிச்சு ஆடணும். கிட்டத்தட்ட வேற ஒரு வேலைக்கு வந்து சேர்றான். இந்த மாதிரி நடுவுல மாட்டிக்கறவங்கள ட்வீனர்னு சொல்வாங்க, ஸ்மால் ஃபார்வர்ட் எடத்துக்கு வேகம் பத்தாது, பவர் ஃபார்வர்ட் எடத்துக்கு உடம்பு பத்தாது.

இதுக்கு நல்ல உதாரணம் ஒண்ணு சொல்லுங்களேன்?

2011 டிராஃப்ட். இதவிட நல்ல பாடம் எனக்கு தெரிஞ்சு இல்ல, அதனால கீழ பல பதில்ல இதுக்கே திரும்ப வருவேன்.

அந்த வருஷம் ஜூன் 23ல டிராஃப்ட் நடந்துச்சு, முதல் எடம் கைரி அர்விங். ரெண்டாவது எடத்துல மின்னசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் எடுத்தது அரிசோனா ஃபார்வர்ட் டெரிக் வில்லியம்ஸ. 15வது எடத்துல இந்தியானா பேஸர்ஸ் எடுத்து, அதே ராத்திரி ஜார்ஜ் ஹில்ல வாங்கிக்கிட்டு சான் அன்டோனியோ ஸ்பர்ஸுக்கு கொடுத்து விட்டது சான் டியாகோ ஸ்டேட் ஃபார்வர்ட் கவாய் லெனர்ட. ரெண்டு பேரும் 1991ல பொறந்தவங்க, ஒரு மாசத்துக்கு கொஞ்சம் மேலதான் வித்தியாசம். ரெண்டு பேரும் தெற்கு கலிஃபோர்னியால வளர்ந்தவங்க, ரெண்டு பேரும் காலேஜ்ல ரெண்டு வருஷம் ஆடிட்டு வந்தவங்க. இன்னும் ஒண்ணு, அந்த மார்ச்ல டோர்னமென்ட்டோட 16 டீம் ரவுண்ட்ல ரெண்டு பேரும் ஒரே ராத்திரி அனஹைம்ல ஒரே அரங்கத்துல ஆடினாங்க. சான் டியாகோ ஸ்டேட் கனெக்டிகட்கிட்ட தோத்துச்சு, அரிசோனா நடப்பு சாம்பியன் டியூக்க 93-77னு அடிச்சு அனுப்புச்சு, வில்லியம்ஸுக்கு 32 பாயிண்ட். அந்த ராத்திரி டிவி முன்னாடி இருந்த யாரும் கவாய்தான் பெரிய ஆளுன்னு சொல்லியிருக்க மாட்டாங்க.

நம்பர பாருங்க. அந்த சீசன்ல வில்லியம்ஸ் மேட்சுக்கு 19.5 பாயிண்ட், 8.3 ரீபவுண்ட் (விழாத ஷாட்ட பிடிக்கறது), மூணு பாயிண்ட்ல (தூரத்து கோட்டுக்கு வெளியேந்து போடற ஷாட்) 56.8 சதவீதம். கவாய் 15.5 பாயிண்ட், 10.6 ரீபவுண்ட், மூணு பாயிண்ட்ல 29.1 சதவீதம். பேப்பர்ல வில்லியம்ஸ்தான். அப்பறம் நடந்தது, வில்லியம்ஸ் ஏழு சீசன்ல ஆறு டீம் மாறி என்பிஏவ விட்டு வெளிநாட்டு லீக்குக்கு போனாரு. கவாய் 2014லயும் 2019லயும் ஃபைனல்ஸ் எம்விபி (ஃபைனல்ஸோட சிறந்த ஆளு), நடுவுல 2015, 2016னு ரெண்டு தடவ டிஃபென்சிவ் பிளேயர் ஆஃப் த இயர் (அந்த வருஷத்தோட சிறந்த டிஃபென்ஸ் ஆளு).

கவாய் இவ்வளவு பெரிய ஸ்டார் ஆவாருன்னு 2011லயே தெரிஞ்சிருக்கணும்னு நான் சொல்லல, அது நியாயமில்ல. ஆனா பத்து வருஷம் எந்த டீம்லயும் ரொட்டேஷன்ல (வழக்கமா ஆட எறக்கற ஆளுங்க) நிக்கற ஆளு இவருன்னு சொல்றதுக்கு தேவையான சங்கதி எல்லாம் அப்பவே கண்ணு முன்னாடி இருந்துச்சு, அத எப்படி படிக்கறதுன்னுதான் மிச்ச பதிலெல்லாம்.

காலேஜ்ல 20 பாயிண்ட்டுக்கு மேல சராசரி வெச்சிருக்கான், அது போதாதா?

போதாது. 2005-06ல கொன்சாகா ஃபார்வர்ட் ஆடம் மாரிசன் மேட்சுக்கு 28.1 பாயிண்ட் போட்டு நாட்டுலயே முதல் எடம், டிராஃப்ட்ல மூணாவது எடம், 2010க்கு அப்பறம் என்பிஏல ஒரு மேட்ச் கூட இல்ல. 2007-08ல கான்சஸ் ஸ்டேட்ல மைக்கேல் பீஸ்லி முதல் வருஷ பையனா வந்து 26.2 பாயிண்ட், 12.4 ரீபவுண்ட். அதுக்கு முந்தின வருஷம் டெக்சஸ்ல கெவின் டுரான்ட் 25.8 பாயிண்ட், 11.1 ரீபவுண்ட். நம்பர மட்டும் பார்த்தா பீஸ்லி ஒரு படி மேல, ரெண்டு பேருமே ரெண்டாவது எடத்துல போனவங்க, ஆனா ரெண்டு பேரோட கரியரையும் பக்கத்துல வெச்சு பேசவே முடியாது.

தட்டை பிட்ச்சுல அடிச்ச செஞ்சுரிய வெச்சு ஒரு பேட்ஸ்மேன டெஸ்ட் டீமுக்கு எடுக்க முடியாதுல, அதே மாதிரிதான், பாயிண்ட் எப்படி வருதுன்னு பிரிச்சு பார்க்கணும். வேகமா ஓடி போய் கூடைக்கு கிட்டேந்து போடற லேஅப் எத்தன, தன்னவிட ரெண்டு இன்ச் சின்ன ஆள தள்ளி போடறது எத்தன, மத்தவன் பாஸ் கொடுத்து நின்ன எடத்துலேந்து போடற ஷாட் எத்தன, தானே டிரிபிள் பண்ணி ஒருத்தன தாண்டி போடறது எத்தன. இதுல சின்ன ஆள தள்ளி போடறது என்பிஏல மொதல் நாளே காணாம போயிடும். நின்ன எடத்துலேந்து போடறதும் ஓடி போய் போடறதும் அப்படியே கூட வரும், ஏன்னா அதுக்கு யாரும் உங்களுக்காக தனியா பிளே வரைய வேண்டியதில்ல. டிராஃப்ட்ல வர்ற பசங்கள்ல முக்காவாசி பேர் காலேஜ்ல முதல் ஆப்ஷன், என்பிஏல நாலாவது அஞ்சாவது ஆப்ஷன், அந்த மாற்றத்த தாங்கற ஆட்டம் இருக்கான்னு பாருங்க.

மூணு பாயிண்ட் சதவீதம் நல்லா இருந்தா ஷூட்டர்னு எடுத்துக்கலாமா?

எத்தன ஷாட்னு கேக்காம சதவீதத்த நம்பாதீங்க. மேல சொன்ன வில்லியம்ஸோட 56.8 சதவீதம் இருக்கே, அது மொத்தமா 74 ஷாட்ல 42. ஒரு சீசன் முழுக்க 74 ஷாட்னா மேட்சுக்கு ரெண்டு கூட இல்ல. அந்த ரெண்டும் யாரும் பக்கத்துல இல்லாதப்ப போடறது, ஏன்னா எதிர் டீம் அவர் உள்ள வர்றதுக்குதான் பயந்துட்டு இருந்துச்சு. அதோட அப்ப காலேஜ் மூணு பாயிண்ட் கோடு 20 அடி 9 இன்ச். என்பிஏல மேல் வளைவு 23 அடி 9 இன்ச், கார்னர்ல மட்டும் 22 அடி. மூணு அடி பின்னாடி போனதும் என்ன ஆச்சு, முதல் சீசன்ல முப்பது சதவீதம் கூட வரல. 2019-20லேந்து ஆண்கள் டிவிஷன் ஒண்ணுல காலேஜ் கோட்ட 22 அடி 1¾ இன்ச்சுக்கு தள்ளிட்டாங்க, அதனால இப்ப வர்ற பசங்க நம்பர் முன்ன விட கொஞ்சம் நம்பகமானது, இருந்தாலும் எத்தன ஷாட்ங்கற கேள்வி மாறல.

மூணு பாயிண்ட்ட விட ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்கு கிடைக்கற தனி ஷாட்) சதவீதம் நல்ல தகவல் சொல்லும்னு நான் நம்பறேன். ஃப்ரீ த்ரோ கோடு காலேஜ்லயும் என்பிஏலயும் ஒரே 15 அடி, முன்னாடி யாரும் கை தூக்கிட்டு நிக்க மாட்டாங்க, பையனோட கை வாட்டமும் ரிதமும் மட்டும்தான் அங்க தெரியும். டியூக்ல ஜேசன் டேட்டம் மூணு பாயிண்ட்ல 34.2 சதவீதம்தான், ஃப்ரீ த்ரோல 84.9, என்பிஏ முதல் சீசன்லயே மூணு பாயிண்ட் 43.4. கவாய் 29.1 சதவீத மூணு பாயிண்ட்டோட வந்தாரு, ஆனா ஃப்ரீ த்ரோ 75.9, ஸ்பர்ஸ்ல ஷூட்டிங் கோச் சிப் எங்கலண்ட் அவர் பந்து பிடிக்கற எடத்த மாத்தி விட்டாரு, முதல் சீசன் 37.6. இதுக்கு நேர் எதிரா மார்வின் பேக்லி, 2017-18 டியூக்ல மூணு பாயிண்ட் 39.7 சதவீதம், பார்த்தா பிரமாதம், ஆனா 58 ஷாட்தான் போட்டிருக்காரு, ஃப்ரீ த்ரோ 62.7. சாக்ரமென்டோ ரெண்டாவது எடத்துல எடுத்துச்சு, என்பிஏல அந்த ஷாட் நிலைக்கல. அதுக்கு அடுத்த எடத்துல லூகா டோன்சிச் போனாருங்கறது அந்த ஊர் ரசிகர்களுக்கு ஆறாத காயம்.

விதிவிலக்கும் உண்டு. ஜேலன் பிரவுன் கலிஃபோர்னியால மூணு பாயிண்ட் 29.4, ஃப்ரீ த்ரோ 65.4, ரெண்டுமே மோசம், பாஸ்டன் 2016ல மூணாவது எடத்துல எடுத்தப்ப அந்த ஊர் ரசிகர்களே கூச்சல் போட்டாங்க. 2024ல ஃபைனல்ஸ் எம்விபி அவர்தான். ஃப்ரீ த்ரோ ஒரு நல்ல துப்பு, தீர்ப்பா எடுத்துக்காதீங்க.

வயசு எவ்வளவு முக்கியம்?

ரொம்ப முக்கியம், ஆனா பாதி பேர் பார்க்கறதே இல்ல. 22 வயசு சீனியர் 18, 19 வயசு பசங்கள போட்டு புரட்டறதும் 18 வயசு பையன் 22 வயசு ஆளுங்கள சமாளிக்கறதும் ஸ்கோர்ஷீட்ல ஒரே மாதிரி தெரியும், ரெண்டுக்கும் ரொம்ப தூரம்.

கூப்பர் ஃப்ளாக்க எடுத்துக்கோங்க, 2006 டிசம்பர் 21ல பொறந்தவர், ஸ்கூல ஒரு வருஷம் சீக்கிரம் முடிச்சுட்டு டியூக் வந்தாரு. சாதாரணமா ஸ்கூல்ல கடைசி வருஷம் படிச்சுட்டு இருக்க வேண்டிய வயசுல மேட்சுக்கு 19.2 பாயிண்ட், 7.5 ரீபவுண்ட், 4.2 அசிஸ்ட் (கூடை விழ வைக்கற பாஸ்), ஸ்டீல் (பந்த பறிக்கறது) 1.4, பிளாக் (ஷாட்ட தடுக்கறது) 1.4. அந்த அஞ்சுலயும் டீம்ல அவர்தான் முதல். 2025ல டாலஸ் முதல் எடத்துல எடுத்தப்ப அவருக்கு பதினெட்டரை வயசு. அந்த பாயிண்ட்ட எடுத்துட்டு மிச்ச நாலு நம்பர மட்டும் காட்டியிருந்தாலும் முதல் மூணு எடத்துக்குள்ள வெச்சிருப்பேன்.

அதுக்காக வயசான பையன தள்ளிடாதீங்க. ட்ரேமண்ட் கிரீன் மிச்சிகன் ஸ்டேட்ல நாலு வருஷமும் முடிச்சுட்டு 2012ல 35வது எடத்துல கோல்டன் ஸ்டேட்டுக்கு போனாரு, கடைசி வருஷம் 10.6 ரீபவுண்டும் 3.8 அசிஸ்டும், அந்த அசிஸ்ட் நம்பரதான் எல்லாரும் விட்டுட்டாங்க. கீகன் மரே 2022ல 22 வயசு ஆகப்போற நேரத்துல நாலாவது எடத்துல போனாரு, அடுத்த சீசனே 206 மூணு பாயிண்ட் போட்டு புதுமுகங்களுக்கான ரெக்கார்ட உடைச்சாரு. வயசான பையன்கிட்ட இன்னும் எவ்வளவு வளருவான்னு கேக்காதீங்க, இப்ப கையில இருக்கற வேல என்பிஏல தேவைப்படற வேலையான்னு கேளுங்க.

உயரம் 6 அடி 10ன்னு போட்டிருக்கான், நம்பலாமா?

காலேஜ் கொடுக்கற உயரத்துல ஷூ இருக்கும், ஆசையும் கொஞ்சம் இருக்கும். பீஸ்லிய காலேஜ்ல 6 அடி 10ன்னு போட்டிருந்தாங்க, டிராஃப்ட் கம்பைன்ல (டிராஃப்ட்டுக்கு முன்னாடி பசங்கள அளந்து சோதிக்கற முகாம்) வெறுங்கால்ல அளந்தா 6 அடி 7. சிகாகோல மே மாசம் நடக்கற கம்பைன் அளவு வரட்டும், அது வரைக்கும் எந்த நம்பரையும் பெரிசா எடுத்துக்காதீங்க.

உயரத்த விட ரெண்டு கையையும் விரிச்சா வர்ற நீளம், அதான் விங்ஸ்பேன், அதுவும் நின்ன எடத்துலேந்து கைய தூக்கினா எட்டற உயரமும் முக்கியம். தலையால யாரும் ஷாட்ட தடுக்கறதில்ல. கவாய் 6 அடி 7, விங்ஸ்பேன் 7 அடி 3. விரல விரிச்சா கட்டை விரல்லேந்து சுண்டு விரல் வரைக்கும் 11 இன்ச்சுக்கு மேல அகலம், அந்த கைக்கு எட்டற பந்து அப்படியே ஒட்டிக்கும். ட்ரேமண்டும் சென்டர் எடத்துக்கு ரொம்ப சின்ன ஆளு, கை நீளமும் மூளையும்தான் அவர அங்க நிக்க வெச்சுது, 2017ல டிஃபென்சிவ் பிளேயர் ஆஃப் த இயர்.

கம்பைன்ல வெயிட் தூக்கறது, ஜம்ப் பண்றது எல்லாம் பார்க்கணுமா?

2007ல டுரான்ட் 185 பவுண்ட் பார ஒரு தடவ கூட தூக்க முடியல. அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல. ஜம்ப்பும் ஸ்பிரின்ட்டும் பையன் ரொம்ப மெதுவா இருந்தாதான் எச்சரிக்கை, நல்லா இருந்தா அதுக்கு தனியா மார்க் கிடையாது, அங்க வர்றவங்க எல்லாருமே நல்லா குதிப்பாங்க.

டிஃபென்ஸ் நல்லா ஆடறானான்னு டிவில பார்த்து எப்படி கண்டுபிடிக்கறது?

இதுக்குதான் நேரம் செலவு பண்ணணும், பொறுமை இருந்தா போதும், யார் வேணா பண்ணலாம். கேமரா பந்து பின்னாடி போகும், நீங்க போகாதீங்க. எதிர் டீம் கையில பந்து இருக்கறப்ப அடுத்த பத்து பொசஷனுக்கு (பந்து ஒரு டீம் கையில இருக்கற ஒரு முறை) இந்த ஒரு பையன் மேலயே கண்ண வைங்க.

முதல்ல, அவன் ஆள்கிட்ட பந்து இல்லாதப்ப அவன் எங்க நிக்கறான். ஆளோட முதுக ஒட்டிட்டு நின்னு பந்து எங்கன்னு தெரியாம இருக்கானா, இல்ல ரெண்டு அடி உள்ள நகர்ந்து பந்தையும் ஆளையும் ஒரே பார்வைல வெச்சிருக்கானா. எதிராளி பெயிண்ட்டுக்குள்ள வெட்டி வந்தா இவன் சரியான நேரத்துல குறுக்க வர்றானா, வந்துட்டு பந்து வெளிய போனதும் திரும்ப தன் ஆள்கிட்ட ஓடறானா. ஓடறப்ப கண்ண மூடிட்டு பறந்து போய் பம்ப் ஃபேக்ல (ஷூட் பண்ற மாதிரி பாவனை) ஏமாந்து தாண்டிடறானா, இல்ல கடைசி ரெண்டு அடில சின்ன சின்ன ஸ்டெப் வெச்சு கைய தூக்கிட்டு நிக்கறானா. இந்த குளோஸ்அவுட் ஒண்ணு போதும், பல பேர் கரியர் அதுலயே தெரிஞ்சுடும்.

அடுத்தது ஸ்விட்ச். பிக் அண்ட் ரோல்ல (ஒருத்தன் குறுக்க நின்னு மறிச்சு பந்து வெச்சிருக்கறவனுக்கு வழி பண்றது) ஆள் மாறி ஒரு 6 அடி 2 கார்டு முன்னாடி வந்து நிக்கறான், நம்ம ஃபார்வர்ட் இடுப்ப எறக்கி பக்கவாட்டுல ரெண்டு மூணு ஸ்டெப் அவனோட நகர முடியுதா, இல்ல நட்டு வெச்ச மாதிரி நின்னு ஹெல்ப்புக்கு கத்தறானா. இன்னிக்கு என்பிஏ பிளேஆஃப்ல இந்த மாதிரி ஆள தேடி தேடி பிடிச்சு அவன் மேலயே ஆடுவாங்க, அப்பறம் கோச் அவன உக்கார வெச்சுடுவாரு, மேட்சுக்கு எத்தன பாயிண்ட் போட்டாலும்.

ஒரு விஷயம் கவனமா இருங்க, ஸோன் டிஃபென்ஸ், அதாவது ஆளுக்கு ஆள் பிரிச்சுக்காம எடத்த பிரிச்சு காக்கறது. என்பிஏல ஆள் யாரையும் கார்டு பண்ணாம மூணு செகண்டுக்கு மேல பெயிண்ட்ல நிக்க கூடாதுன்னு ரூல் இருக்கு, காலேஜ்ல அது கிடையாது, அதனால டிஃபென்ஸ் வராத பசங்கள ஸோன்ல ஒளிச்சு வெச்சுடலாம். பேக்லி இருந்த வருஷம் டியூக் மேன் டு மேன (ஆளுக்கு ஆள்) விட்டுட்டு ஸோனுக்கே மாறிடுச்சு. டியூக் மாதிரி டீம் அப்படி பண்ணா, ஏன் பண்றாங்கன்னு நாம கேட்டிருக்கணும்.

ஸ்கோர்ஷீட்ல துணைக்கு ஏதாவது வேணும்னா ஸ்டீலையும் பிளாக்கையும் சேர்த்து பாருங்க. ஃபார்வர்ட் ஒருத்தன் ரெண்டுலயும் ஒண்ணுக்கு மேல வெச்சிருந்தா கையும் காலும் மூளையும் ஒண்ணா வேல செய்யுதுன்னு அர்த்தம். பேக்லிக்கு 11.1 ரீபவுண்ட் வந்துச்சு, பிளாக் மேட்சுக்கு ஒண்ணு கூட வரல, அந்த உயரத்துக்கும் அந்த ஜம்ப்புக்கும் அது இடிக்குது.

ஃபார்வர்டுக்கு அசிஸ்ட் எதுக்கு பார்க்கணும், அது கார்டு வேலதானே?

எண்ணிக்கைக்காக பார்க்கல, முடிவு எடுக்கற வேகத்துக்காக பார்க்கறோம். பந்து கைக்கு வந்ததும் ஷூட், பாஸ், டிரைவ் மூணுல ஒண்ண அர செகண்டுக்குள்ள தேர்ந்தெடுக்கணும். பந்த பிடிச்சு வெச்சுக்கிட்டு மூணு தடவ தட்டிட்டு யோசிக்கற பையனுக்கு காலேஜ்ல 30 செகண்ட் ஷாட் கிளாக் இருக்கு, என்பிஏல 24தான். 2011 ரெண்டு பேரயும் மறுபடி பாருங்க, வில்லியம்ஸ் 19.5 பாயிண்ட் போட்டுட்டு அசிஸ்ட் மேட்சுக்கு 1.1. எதிர் டீம் ரெண்டு மூணு பேர அவர் மேல அனுப்பியும் 1.1தான். கவாய் பந்த அவ்வளவு தொடாம 2.5. இந்த ஒரு வித்தியாசம் போதும்னு சொல்லல, ஆனா யாரோட ஆட்டம் மத்தவங்களோட சேர்ந்து நடக்குதுன்னு இது காட்டுது.

பையன் சின்ன காலேஜ், எதிராளிங்க எல்லாம் வீக். அப்ப நம்பரே பொய்யா?

பாயிண்ட்ட கொஞ்சம் குறைச்சு எடுத்துக்கோங்க, ரீபவுண்ட்ட குறைக்காதீங்க. பந்து எங்க விழும்னு முன்னாடியே கண்டுபிடிச்சு போற புத்தி எந்த லீக்லயும் அதேதான். பால் மில்சாப் லூசியானா டெக்ல ஆடின மூணு வருஷமும் நாட்டுலயே அதிக ரீபவுண்ட், 2006ல 47வது எடம், அதுக்கப்பறம் நாலு தடவ ஆல்ஸ்டார். பாஸ்கல் சியாகம் கேமரூன்லேந்து வந்தவர், பாஸ்கெட்பாலையே லேட்டா ஆரம்பிச்சவர், நியூ மெக்சிகோ ஸ்டேட்ல ஆடினாரு, மூணு பாயிண்ட் கிட்டத்தட்ட போடவே மாட்டாரு. டொரொன்டோ 2016ல 27வது எடத்துல எடுத்துச்சு, 2019ல சாம்பியன் டீம்ல கவாய்க்கு அடுத்த ஆளு அவர்தான். லேட்டா ஆரம்பிச்ச பையன்னா ஒவ்வொரு சீசனும் என்ன புதுசா கத்துக்கிட்டு வர்றான்னு பாருங்க, அவன் போற வேகம்தான் அங்க கணக்கு.

டோர்னமென்ட்ல ஒரு மேட்ச் வெறித்தனமா ஆடினா ரேங்க் ஏத்தலாமா?

கூடாது. டியூக் மேல வில்லியம்ஸ் போட்ட 32 மேலயே சொல்லிட்டேன். ஒரு சீசன்ல முப்பது மேட்சுக்கு மேல நடக்குது, அதுல ஒண்ணு.

காயம் இருந்தா?

ரெண்டு விதம் இருக்கு. மைக்கேல் போர்ட்டர் ஜூனியர் ஸ்கூல்ல முதல் ரேங்க்ல இருந்தவர், மிசூரில முதுகு ஆபரேஷனால மூணு மேட்ச்தான் ஆடினாரு, 2018ல 14வது எடம் வரைக்கும் சரிஞ்சு டென்வர் எடுத்துச்சு, 2023ல சாம்பியன். ஆபத்துதான், ஆனா 14வது எடத்துல அந்த ஆபத்துக்கு அர்த்தம் இருந்துச்சு. இன்னொரு விதம் அந்தோனி பென்னட், யுஎன்எல்வில 16.1 பாயிண்ட், 8.1 ரீபவுண்ட், தோள்பட்டை ஆபரேஷன் ஆனதால டிராஃப்ட்டுக்கு முன்னாடி எந்த டீமுக்கும் வொர்க்அவுட்டே (நேர்ல ஆடிக் காட்டறது) கொடுக்க முடியல. அப்படியும் கிளீவ்லாண்ட் 2013ல முதல் எடத்துலயே எடுத்துச்சு, முதல் சீசன் சராசரி 4.2 பாயிண்ட். நேர்ல பார்க்காத பையன முதல் எடத்துல எடுக்கற அளவுக்கு அவன் பத்தி என்ன தெரியும்னு கேக்கறதுதான் நியாயம். பென்னட்ட மட்டும் இன்னிக்கு வரைக்கும் திட்டறது எனக்கு பிடிக்கல, முதல் எடத்துல என்ன எடுங்கன்னு அவர் கேக்கல.

எந்த டீம் எடுக்குதுங்கறது நெஜமாவே அவ்வளவு மாத்துமா?

மாத்தும். வில்லியம்ஸ் மின்னசோட்டா போனப்ப பவர் ஃபார்வர்ட் எடத்துல கெவின் லவ் இருந்தாரு, ஸ்மால் ஃபார்வர்ட் எடத்துல மேல சொன்ன அதே பீஸ்லி. ரெண்டு எடத்துக்கும் நடுவுல இருக்கற பையன, ரெண்டு எடமும் நெரிசலா இருக்கற டீம்ல போட்டா எங்க கத்துப்பான்? கவாய் போன எடத்துல டிம் டங்கன், டோனி பார்க்கர், மனு ஜினோபிலி, கோச் பாப்போவிச். உன் வேல கார்னர்ல நின்னு ஷூட் பண்றதும் எதிர் டீமோட பெரிய ஆள கார்டு பண்றதும்தான்னு தெளிவா கொடுத்தாங்க. ரெண்டு பேர இடம் மாத்தி போட்டிருந்தா கவாய் இவ்வளவு தூரம் வந்திருப்பாரான்னு யாராலயும் சொல்ல முடியாது, ஆனா டிஃபென்ஸும் ரீபவுண்டும் கையில இருக்கற பையனுக்கு எந்த டீம்லயும் நிமிஷம் கிடைக்கும், கிடைச்சாதான் மிச்சத்த வளர்க்க முடியும். நான் பந்து இல்லாத ஆட்டத்த இவ்வளவு அழுத்தி சொல்றதுக்கு காரணமே இதுதான்.

அதே டிராஃப்ட்ல 30வது எடத்துல, முதல் ரவுண்டோட கடைசி ஆளா, சிகாகோ எடுத்தது மார்க்கெட் பல்கலைக்கழக ஃபார்வர்ட் ஜிம்மி பட்லர. மேட்சுக்கு 15.7 பாயிண்ட் போட்ட சீனியர், பெரிசா யாரும் கவனிக்கல. அவரும் டிஃபென்ஸ் ஆடித்தான் உள்ள நுழைஞ்சாரு, ஸ்கோரிங் எல்லாம் அப்பறம் வந்தது.

இன்னொரு வருஷம் காலேஜ்ல இருந்துட்டு வர்றது நல்லதா?

பையனுக்கு பையன் மாறும். முதல் ரவுண்ட்ல போனா முதல் ரெண்டு வருஷ சம்பளம் உறுதி, அடுத்த ரெண்டு வருஷம் டீம் விருப்பம், ரெண்டாவது ரவுண்ட்ல அந்த மாதிரி உறுதி கிடையாது, அதனால முதல் ரவுண்ட் கடைசில தொங்கிட்டு இருக்கற பையனுக்கு இது பெரிய முடிவு. 2021 ஜூலைலேந்து காலேஜ் பசங்க தன் பேர வெச்சு சட்டப்படி சம்பாதிக்கலாம்னு ஆனதும் திரும்ப போறவங்க அதிகமாயிட்டாங்க, குடும்ப கஷ்டத்துக்காக தயாராகாமலே கிளம்பி வர்றது கொறஞ்சிருக்கு, அது எனக்கு ரொம்ப சந்தோஷம்.

மாக் டிராஃப்ட் லிஸ்ட்ட நம்பலாமா?

யார் எந்த எடத்துல போவாங்கன்னு தெரிஞ்சுக்க நல்லது. யார் நல்லா வருவாங்கன்னு தெரிஞ்சுக்க அது எழுதப்படல.

எனக்கு நேரமே இல்ல, ஒரு பையனோட ஒரே ஒரு மேட்ச்தான் பார்க்க முடியும்னா எத பார்க்கறது?

பிப்ரவரில, தன் கான்ஃபரன்ஸ்லயே (அடிக்கடி மோதிக்கற காலேஜுங்களோட குழு) உள்ள நல்ல டீமோட, எதிராளி ஊர்ல ஆடற மேட்ச். நவம்பர்ல வர்ற எதிராளிங்க பாதி பேர் சும்மா, மார்ச்ல பதட்டம் கலந்துடும். பிப்ரவரில எதிர் கோச்சுக்கு இவன் ஆட்டம் அத்துப்படி, ஏற்கனவே ஒரு தடவ மோதியிருப்பாங்க, இவன் வலது பக்கம்தான் போவான்னு தெரிஞ்சு அத அடைச்சு வெச்சிருப்பாங்க, கூட்டமும் எதிரா இருக்கும். முதல் பாதில ஷாட் விழலன்னா நல்லதுதான், ரெண்டாம் பாதிய விடாம பாருங்க. ஷாட் விழாத பையன் ரீபவுண்டுக்கு ஓடறானா, ஸ்கிரீன் (எதிராளிக்கு குறுக்க நின்னு மறிக்கறது) ஒழுங்கா வைக்கறானா, பெஞ்சுல உக்காந்திருக்கறப்ப டைம்அவுட்ல கோச் பேசறத கேக்கறானா, டர்னோவர் ஆனதும் (பந்த பறிகொடுத்ததும்) கைய விரிச்சு ரெஃப்ரீகிட்ட புலம்பாம திரும்பி ஓடறானா. நேரம் ரொம்ப கம்மியா இருந்தா ரெக்கார்டிங்ல அந்த ரெண்டாம் பாதி 20 நிமிஷத்த மட்டுமாவது ஓட விட்டு, அவன் டீம் டிஃபென்ஸ் ஆடற பகுதிய மட்டும் பாருங்க.